எட்டு வீட்டுக்கு ஒரு கூரை

2025 ஜனவரி 23, வியாழக்கிழமை. மாலை ஆறு மணி வாக்கில் தோசை மாவில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்த மூன்று போன்களும் ஒரே நேரத்தில் அலறின. 2023இல் ஒரு முறை சோதனைக்காக ஒலித்ததோடு சரி, நிஜத்துக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டது அன்றுதான். மறுநாள் இயோவின் புயல், சிவப்பு எச்சரிக்கை, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை வெளியே போக வேண்டாம் என்று திரையில் வந்தது. பள்ளி கிடையாது, ரயில் கிடையாது. மகளுக்குச் சந்தோஷம். எனக்கு அடிவயிற்றில் ஏதோ பிசைந்தது. நாங்கள் குடியிருப்பது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. தலைக்கு மேல் கூரை மட்டும்தான்.

மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்கு மேல் காற்றின் சத்தம் மாறியது. அதுவரை ஊளையிட்டது, பிறகு இடிக்க ஆரம்பித்தது. கூரையில் ஏதோ உருளும் சத்தம், அதைத் தொடர்ந்து பின்முற்றத்தில் ஓடு விழுந்து நொறுங்கும் சத்தம். ஒரு மணி நேரத்தில் சின்ன அறையின் மூலையில், நூறு வருடத்துக்கு முந்தைய பூவேலைச் சுண்ணாம்புக் கரையில், தேநீர்க் கறை மாதிரி ஒரு வட்டம் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அது தட்டளவு ஆகி, நடுவிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. இட்லிக் கொப்பரையைக் கொண்டுபோய் வைத்தேன். கையில் அகப்பட்ட பெரிய பாத்திரம் அதுதான்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். திருநெல்வேலியில் இருந்துகொண்டு அவள் கேட்டாள்: "ஏளா, ரெண்டு ஓட்டை மாத்துததுக்கு ஒரு கொத்தனாரு கூடவா அந்த ஊர்ல கெடையாது?"

கொத்தனாருக்குக் குறைவில்லை. ஆனால் கூரை என்னுடையதில்லை. எட்டு வீட்டுக்கும் சேர்ந்தது. அந்த ஒரு வரியை முழுசாகப் புரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆனது. கிளாஸ்கோவில் வீடு வாங்கும், வாடகைக்கு வரும் நம்மவர்களுக்கு அந்த ஏழு மாதம் ஏதாவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரின் பழைய குடியிருப்புகளை டெனமெண்ட் என்பார்கள். செந்நிற அல்லது வெளிர்மஞ்சள் மணற்கல்லில் கட்டிய நான்கு தளம். தெருக்கதவைத் திறந்தால் ஒரு பொது நடை, ஒரு பொதுப் படிக்கட்டு, தளத்துக்கு இரண்டோ மூன்றோ வீடு. அந்த நடையையும் படிக்கட்டையும் சேர்த்து 'குளோஸ்' என்பார்கள். "எந்தக் குளோஸ்ல இருக்கீங்க?" என்று கேட்டால் தெருவைக் கேட்கவில்லை, வாசலைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். நாங்கள் இருப்பது தென்பகுதியில், குவீன்ஸ் பார்க்குக்கு நடக்கும் தூரத்தில். தரைத்தளத்தில் 0/1, 0/2. மேலே மூன்றாம் மாடியில் 3/1, 3/2. 3/2 நாங்கள். பின்னால் ஒரு முற்றம், குப்பைத் தொட்டிகள், துணி காயப்போடும் கம்பம்.

இப்படிப்பட்ட கட்டடங்களைப் பார்த்துக்கொள்ள பெரும்பாலும் 'ஃபேக்டர்' என்று ஒரு நிறுவனம் இருக்கும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, ஸ்காட்லாந்தில் பொதுச் சொத்தை நிர்வகிப்பவருக்கு அதுதான் பெயர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பில் அனுப்புவார்கள்: படிக்கட்டு துடைத்தது, பொது விளக்கு, கட்டடக் காப்பீடு, நிர்வாகக் கட்டணம். நாங்கள் ஆறு வருடமாகக் கட்டிவந்தோம். எதற்குக் கட்டுகிறோம் என்று ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை.

புயலுக்கு மறுநாள் எங்கள் ஃபேக்டரை அழைத்தேன். வரிசையில் நாற்பது நிமிடம். நகரம் முழுக்க அதே கதைதான் என்பதால் அன்றைக்கு அவர்களைக் குறை சொல்ல மனமில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு ஆள் வந்து ஓடு கழன்ற இடத்தில் தார்ப்பாய் அடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் மௌனம். மின்னஞ்சலுக்குப் பதில் வராது. வந்தால், "பெரும்பான்மை உரிமையாளர்களின் ஒப்புதலும் முன்பணமும் கிடைத்ததும் பணி தொடங்கும்" என்று ஒரே வரி. யாரிடம் ஒப்புதல், எவ்வளவு பணம், யார் கேட்பது, எதுவும் இருக்காது. பிப்ரவரி முழுக்க இட்லிக் கொப்பரை அந்த அறையிலேயே கிடந்தது.

இந்த இடத்தில் நான் செய்த முதல் தப்பைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து வாரம் நான் ஃபேக்டரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் ஏழு வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரைத்தளத்துப் பெண்மணிதான் ஒருநாள் தெருக்கதவருகே என்னை நிறுத்தினார். "ஹென், மேலே தார்ப்பாய் தெரியுதே, உள்ளே எப்படி இருக்கு?" என்றார். ஹென் என்பது இந்த ஊரில் பெண்களைப் பிரியமாக விளிக்கும் சொல். அம்மா என்னை 'ஏளா' என்பதுபோல. அவரை மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் கொப்பரையைப் பார்த்தார், சுவரைத் தொட்டார், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

1968 ஜனவரியில் அவருக்கு ஒன்பது வயதாம். அந்த மாதம் நடுராத்திரியில் அடித்த புயலில் கிளாஸ்கோவின் புகைக்கூண்டுகள் சரிந்து, கூரையைப் பிளந்துகொண்டு தளம் தளமாக இறங்கின. ஸ்காட்லாந்தில் அன்று இருபது பேர் செத்தார்கள், பாதிக்கு நெருக்கமானவர்கள் இந்த நகரத்தில். ஆயிரக்கணக்கான வீடுகளின் கூரை போயிற்று. "தார்ப்பாயை அடிச்சுட்டுப் போனாங்க. சில தெருவில அது வருஷக்கணக்கா கிடந்தது. தார்ப்பாயைப் பார்த்தாலே எனக்குப் பயம்," என்றார். பிறகு எழுந்து, "ஒவ்வொரு கதவா தட்டு. நானும் வர்றேன்," என்றார்.

அன்று மாலையே தொடங்கினோம். இந்த அனுபவத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்தக் கதவுகள்தான்.

எதிர்வீடு 3/1, தனியாக இருக்கும் ஒரு இசைக் கலைஞர். அவர் வீட்டிலும் ஒழுகியது, அவரும் தனியாக மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே எட்டடி அகல நடை. 1/1இல் லாகூரிலிருந்து வந்து இருபத்தைந்து வருடமாகக் கடை நடத்தும் குடும்பம். உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, "செலவு எவ்வளவு? சரி. எப்போது?" என்றார்கள். அவ்வளவுதான். 2/1 ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்குச் சொந்தம், அதில் குடியிருப்பவர் வாடகைக்காரர். சங்கத்துக்கு எழுத வேண்டும். 2/2இல் இளம் தம்பதி. "எங்கள் வீட்டு உட்கூரை நனையவில்லையே, இது உங்கள் தளத்துப் பிரச்சினை இல்லையா?" என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அப்படி நினைத்தார்கள். 1/2இல் இரவுப்பணி நர்ஸ். பிரச்சினை புரிந்தது அவருக்கு, கையில் பணம் இல்லை. 0/2இல் ருமேனியாவிலிருந்து வந்த குடும்பம், வாடகைக்கு. அவர்கள் வீட்டுக்காரரை அவர்களே பார்த்ததில்லை. மாதாமாதம் ஒரு கணக்குக்குப் பணம் போகிறது, அவ்வளவே.

தம்பதியின் கேள்வி என்னைச் சட்டத்தைத் தேட வைத்தது. 2004ஆம் ஆண்டின் டெனமெண்ட் சட்டம் என்று ஒன்று ஸ்காட்லாந்தில் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தில் பராமரிப்புக்கும் செலவுப் பங்கீட்டுக்கும் வழி சொல்லியிருந்தால் முதலில் அதுதான் செல்லும். பத்திரம் பேசாத இடத்தில் இந்தச் சட்டம் பேசும். கூரை, அஸ்திவாரம், வெளிச்சுவர், மழைநீர்க் குழாய் எல்லாம் எல்லோரும் சேர்ந்து பராமரிக்க வேண்டியவை, யார் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிறது என்பது கணக்கில்லை. வீட்டுக்கு ஒரு ஓட்டு. பெரும்பான்மை சரியென்றால், வேண்டாம் என்றவரும் பங்கு கட்டியாக வேண்டும். கூட்டம் போடுவதென்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால் எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். கூட்டம் போடாமல் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டும் முடிவெடுக்கலாம். முடிவை எல்லோருக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். பங்கு பொதுவாகச் சமம். வீடுகளில் பெரியது சிறியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் மட்டும் பரப்பளவுப்படி. எங்கள் பத்திரத்தில் தெளிவாக எட்டில் ஒரு பங்கு என்றே இருந்தது. வீடு வாங்கும்போது வக்கீல் அனுப்பிய உறையை ஆறு வருடம் கழித்துத்தான் பிரித்தேன்.

இன்னொன்றும் இருந்தது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேண்டிய அவசர வேலையென்றால் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, எந்த ஒரு உரிமையாளரும் ஆளை அழைத்துச் செய்துவிட்டுச் செலவைப் பிறகு பங்கிடலாம். புயலன்றே இது தெரிந்திருந்தால் ஒரு வாரம் ஒழுகவிட்டிருக்க மாட்டேன்.

ஆனால் சட்டத்தை அச்சடித்துக்கொண்டு தம்பதி வீட்டுக் கதவைத் தட்டவில்லை. தரைத்தளப் பெண்மணி வேண்டாம் என்றார், அதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. அவர்களை மேலே அழைத்து நனைந்த சுவரைக் காட்டினோம். மணற்கல் சுவர் வழியாக ஈரம் கீழ்நோக்கித்தான் இறங்கும். எங்கள் அறையின் அதே மூலைக்கு நேர்கீழே அவர்கள் அலமாரி. அதை நகர்த்திப் பார்த்துவிட்டு அன்று இரவே செய்தி அனுப்பினார்கள்: "நாங்களும் சரி."

ஐந்து ஓட்டு வந்தாலே போதும். ஆறு வந்தது: நாங்கள், இசைக் கலைஞர், தரைத்தளப் பெண்மணி, கடைக்காரர், தம்பதி, வீட்டுவசதிச் சங்கம். மூன்று மதிப்பீடு வாங்கினோம். மதிப்பீடு வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தருபவரை விட்டுவிடுங்கள். சாரத்துக்கு எவ்வளவு, ஈயத் தகட்டுக்கு எவ்வளவு, கூரை ஓட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். எங்களுக்கு வந்த 12,800 பவுண்டில் சாரம் மட்டும் 4,500. நடைபாதையில் சாரம் நிறுத்த மாநகராட்சி அனுமதியும் வேண்டும். சாரம் கட்டிவிட்டால் அந்தச் செலவிலேயே புகைக்கூண்டு, மழைநீர்க் குழாய் எல்லாவற்றையும் பார்த்துவிடுவதுதான் புத்தி. தனித்தனியாகச் செய்தால் ஒவ்வொரு முறையும் சாரத்துக்கு அழ வேண்டும். குழாயில் அடைத்த இலையை எடுக்கும் சின்ன வேலைக்கு, ஆளை உயரே தூக்கிப் பிடிக்கும் தூக்கி வண்டி போதும்.

காப்பீட்டு நிறுவனம் புயல் பிடுங்கிய ஓடுகளுக்கு ஒரு பங்கு கொடுத்தது. கூரையின் இரு சரிவும் சேரும் பள்ளத்தில் போட்டிருந்த ஈயத் தகடு பழசாகி வெடித்தது தேய்மானம், அதற்குத் தர மாட்டோம் என்றது. கேட்டுப் பார்த்ததில், பராமரித்துவந்ததற்கு ஆதாரம் இருந்தால் வாதாடலாம் என்றார்கள். எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. பத்து வருடமாகக் கூரைமேல் யாரும் ஏறியதற்கே பதிவில்லை.

ஆளைக் காணாத 0/2 உரிமையாளரைப் பிடித்த கதை. வாடகைக்கு விடுபவர்கள் ஸ்காட்லாந்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் முகவரி போட்டுத் தேடலாம். பத்து நிமிடத்தில் அவருடைய முகவர் யாரென்று தெரிந்தது. பதிவு செய்யாத வீடென்றால் நிலப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டி உரிமையாளர் பெயரைப் பார்க்கலாம். முகவருக்குக் கடிதம், முடிவின் நகல், மதிப்பீட்டின் நகல், எல்லாம் பதிவுத் தபாலில். ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு, வீட்டை விற்கப் போவதாகச் செய்தி வந்தது. விற்றுவிட்டுப் போனால் எங்கள் பணம் போய்விடுமே என்று நான் தூங்கவில்லை. அதற்கும் வழி இருக்கிறது: செலவுப் பொறுப்பு அறிவிப்பு என்று ஒன்றை நிலப் பதிவேட்டில் பதியலாம். வீடு கைமாறும் தேதிக்குக் குறைந்தது பதினான்கு நாள் முன்னால் பதிந்துவிட்டால், வாங்குபவரும் அந்தப் பாக்கிக்குப் பொறுப்பாகிவிடுவார். மூன்று வருடம் செல்லும். பதியப் போகிறோம் என்று முகவருக்கு எழுதிய நான்காவது நாள் 1,600 பவுண்டு வந்து சேர்ந்தது. வாங்குபவரின் வக்கீல் கண்ணில் அது படுவதை எந்த விற்பனையாளரும் விரும்ப மாட்டார்.

ஒருவர் கட்டவே மாட்டேன் என்றால், அவர் பங்கை மாநகராட்சியே கட்டிவிட்டு அவரிடம் வசூலிக்கும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது. அது கடைசி வழி. எங்களுக்குத் தேவைப்படவில்லை.

நர்ஸின் பங்கு பாக்கி இருந்தது. மாதம் இருநூறு தர முடியும் என்றார். வேலை தொடங்க முழுப்பணம் வேண்டும். எங்களில் ஒருவர் அவருக்காக முன்பணம் போட்டார். யார் போட்டது என்று அவருக்குச் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட்டில் சாரம் ஏறியது. இரண்டாம் நாள் கூரை ஓட்டு வேலைக்காரர் என்னைக் கூப்பிட்டு, எங்கள் சன்னலுக்கு வெளியே பலகையில் நின்றபடி ஒரு ஓட்டைக் காட்டினார். இந்த ஊர்க் கூரையில் போட்டிருப்பது நம் ஊர்ச் சூளை ஓடு அல்ல. தகடு தகடாகப் பிளக்கும் கருநிறக் கல் பலகை, ஸ்லேட் என்பார்கள். விரல் கணுவால் தட்டினார். 'டங்' என்று மணி மாதிரி கேட்டது. இன்னொன்றைத் தட்டினார். 'தொப்'. முதலாவது நல்லது, இரண்டாவது உள்ளே விரிசல். சந்தையில் அம்மா மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது ஞாபகம் வந்தது. அவரிடம் சொன்னேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பானையை எப்படித் தட்டுவீர்கள் என்று செய்துகாட்டச் சொன்னார்.

"ஓட்டில் குற்றமில்லை. பாதி ஓடு இன்னும் நூறு வருஷம் தாங்கும். ஆணிதான் போயிடுச்சு," என்றார். துருப்பிடித்து ஊசியாக மெலிந்த ஆணியைக் கையில் வைத்தார், விரலால் நசுக்கினால் பொடிந்தது. ஆணி போனால் ஓடு சும்மா ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும், ஒரு காற்றுக்குக் காத்திருக்கும். புகைக்கூண்டருகே வேறொன்று காட்டினார். முன்பு யாரோ மலிவாக சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். மணற்கல் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விட்டு மூச்சுவிடும் கல். நடுவே சுண்ணாம்புக் காரை இருந்தால் ஈரம் அதன் வழியாகப் போய்விடும். சிமெண்ட் அடைத்துவிட்டால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, கல் முகம் முகமாக உரியும். விரலால் தேய்த்தார், செம்மணல் உதிர்ந்தது. உங்கள் கட்டடத்தில் யாராவது கல் இடுக்குக்கு சிமெண்ட் பூச மதிப்பீடு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லும்போது நம் வீட்டுச் சமையலையும் சொல்ல வேண்டும். எல்லா ஈரமும் கூரையிலிருந்து வருவதில்லை. ஆவியில் வேகவைக்கிறோம், குக்கர் வைக்கிறோம், வருடத்தில் பாதி நாள் மழை என்பதால் துணியை வீட்டுக்குள் காயவைக்கிறோம். குளிர்ந்த வெளிச்சுவரில் அந்த ஆவி நீராகிக் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கிறது. அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். சமைக்கும்போது சமையலறைக் கதவை மூடி சன்னலைத் திறங்கள், குளிர் உள்ளே வந்தாலும். மேலே வட்டமாகக் கறை, மழைக்குப் பிறகு கூடுகிறது என்றால் கூரை. மூலையில், கட்டிலுக்குப் பின்னால் கரும்புள்ளி என்றால் பெரும்பாலும் ஆவி. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் வீட்டுக்காரர் "நீங்கள் சமைப்பதால்தான்" என்று எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. கூரையும் சுவரும் நீர் புகாமல் இருக்க வேண்டியது வாடகைக்கு விடுபவரின் சட்டக் கடமை.

கூரை முடிந்தது. ஃபேக்டர் பற்றிய புகாரையும் எழுத்தில் கொடுத்தேன். ஃபேக்டர்கள் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. முதலில் அவர்களுடைய புகார் முறையை முழுக்க முடிக்க வேண்டும், அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் வீட்டுவசதித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எங்கள் புகார் இரண்டாம் கட்டத்தில் தீர்ந்தது. மன்னிப்பும் ஒரு வருட நிர்வாகக் கட்டணத்தில் பாதியும் வந்தது. போனில் பேசியது எதுவும் உதவவில்லை. தேதி போட்டு எழுதிய மின்னஞ்சல்கள்தான் உதவின.

இந்த ஏழு மாதத்தில் எனக்கு வேறொன்றும் கண்ணில் பட்டது. பின்முற்றத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன மெத்தை, சோபா. எட்டு வீட்டாரும் வேறு யாரையோ நினைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் 0/2 குடும்பத்தை. நானும் நினைத்தேன், அதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. கடைசியில் அது பக்கத்துக் குளோஸில் வீடு காலிசெய்த முகவர் போட்டது. தென்பகுதியில் கொட்டப்படும் குப்பைக்கு யாரோ புதிதாக வந்தவர்கள்தான் காரணம் என்று பேசுவது பழக்கமாகிவிட்டது. பெரிய சாமான்களை எடுக்க மாநகராட்சி 2021 முதல் கட்டணம் வாங்குகிறது. ஒவ்வொரு வருடமும் குடித்தனம் மாறும் தெருக்களில் அது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

தரைத்தளப் பெண்மணிதான் என்னைச் சமூக மன்றக் கூட்டத்துக்கு இழுத்துப்போனார். கம்யூனிட்டி கவுன்சில் என்பது மாநகராட்சியல்ல. சம்பளமில்லாத அக்கம்பக்கத்துக்காரர்கள், மாதத்தில் ஒரு மாலை கூடுகிறார்கள். எங்கள் பகுதியில் ஒரு தேவாலயக் கூடத்தில். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கட்டுமானத்துக்குத் திட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால் கருத்துச் சொல்லும் உரிமை இவர்களுக்குச் சட்டப்படி உண்டு. மாநகராட்சி உறுப்பினர்கள் வருவார்கள், பெரும்பாலும் போலீஸிலிருந்தும் ஒருவர் வந்து பகுதி நிலவரம் சொல்வார். அன்று பதினான்கு பேர் இருந்தோம், கூடத்தில் நூறு நாற்காலி. நான் மெத்தையின் படத்தோடு போயிருந்தேன். தலைவர் கேட்டார்: "புகார் எண் இருக்கா?" இல்லை. அடுத்த மாதம் மாநகராட்சிச் செயலியில் பதிந்த ஐந்து புகார்களின் எண்ணோடும் தேதியோடும் போனேன். உறுப்பினர் அந்தத் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் முற்றம் காலி. படத்துக்கும் எண்ணுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

கிளாஸ்கோவில் 23 வார்டு, 85 உறுப்பினர்கள். ஒரு வார்டுக்கு மூன்றோ நான்கோ பேர், பெரும்பாலும் ஒரே கட்சியாக இருக்க மாட்டார்கள். அத்தனை பேருக்குமே எழுதலாம். அவர்கள் மக்களைச் சந்திக்கும் நேரத்தை 'சர்ஜரி' என்பார்கள். மருத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நேரே போய் உட்கார்ந்து குறை சொல்லும் இடம்.

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஓட்டு. இந்தியா, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், செல்லுபடியாகும் விசா இருந்தால், இங்கே வாக்காளர் பட்டியலில் சேரலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. படிக்க வந்த மாணவர்களும் சேரலாம். மாநகராட்சித் தேர்தலிலும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலிலும் பதினாறு வயதிலேயே ஓட்டு. அடுத்த மாநகராட்சித் தேர்தல் 2027 மே மாதம். நான் வந்து ஏழு வருடம் பட்டியலில் இல்லாமல் இருந்தேன்.

போன வாரம் ஒரு மாணவி போன் செய்தாள், தஞ்சாவூர்ப் பக்கம். "அக்கா, வீட்டுக்காரர் முன்பணத்தைத் தர மாட்டேங்குறார்." எந்தத் திட்டத்தில் போட்டார் என்று கேட்டேன். அவளுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கியதை முப்பது வேலைநாளுக்குள் அங்கீகாரம் பெற்ற மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டாக வேண்டும். போடாவிட்டால் தீர்ப்பாயம் மூன்று மடங்கு வரை கொடுக்கச் சொல்லலாம், வீட்டைக் காலிசெய்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால். அவளுக்கு அந்தக் கெடு முடிய பதினோரு நாள் இருந்தது. அன்றே உட்கார்ந்து எழுதினோம்.

கோவன் பகுதியில், சப்வே நிலையத்துக்கு அருகே, வாடகை மறுப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மேரி பார்பரின் சிலை இருக்கிறது. 2018இல் வைத்தது. 1915இல், ஆண்கள் போருக்குப் போயிருந்தபோது வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். பெண்கள் கட்ட மறுத்தார்கள். குடித்தனத்தைக் காலிசெய்ய அதிகாரி வந்தால் ஒருத்தி மணியோ பாத்திரமோ தட்டுவாள், குளோஸ் குளோஸாகப் பெண்கள் இறங்கிவந்து படிக்கட்டை அடைத்துக்கொள்வார்கள், மாவை எறிவார்கள். அந்த வருடம் முடிவதற்குள் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தும் சட்டம் வந்துவிட்டது. சிலையில் அவர் தனியாக இல்லை, பின்னால் ஒரு ஊர்வலமே வருகிறது. பின்னால் வருபவர்களை மகள் விரலால் எண்ணிக்கொண்டு நின்றாள்.

2021 மே 13, ஈகைப் பெருநாளன்று, எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் கென்மூர் தெருவில் குடிவரவு அதிகாரிகள் இந்தியாவைச் சேர்ந்த இருவரைப் பிடித்து வண்டியில் ஏற்றியபோது, தெருவே வந்து சுற்றி உட்கார்ந்தது. எட்டு மணி நேரம் வண்டி நகரவில்லை, இருவரையும் விட்டார்கள். அன்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. விசா புதுப்பிப்பு நிலுவையில் இருந்தது, பயம். வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு செய்தி பார்த்தேன். தரைத்தளப் பெண்மணி அன்று அங்கே மடக்கு நாற்காலியோடு போய் உட்கார்ந்திருந்தார் என்பது, நாலு வருடம் கழித்து, எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த நவம்பரில் இலை உதிர்ந்து முடிந்ததும் தூக்கி வண்டி வந்து மழைநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்தது. வீட்டுக்கு 35 பவுண்டு, எட்டு வீட்டிலிருந்தும் இரண்டே நாளில் வந்துவிட்டது. 0/2இல் புது உரிமையாளர், அதே ருமேனியக் குடும்பம்தான் வாடகைக்கு. படங்களைத் தேதியோடு ஒரு பொது மின்கோப்பில் போட்டுவருகிறோம். அதை அந்தக் குடும்பத்தின் பதினைந்து வயதுப் பையன் பார்த்துக்கொள்கிறான். ஓட்டு வேலைக்காரர் கொடுத்துவிட்டுப் போன பழைய ஸ்லேட் ஒன்று குளோஸின் சன்னல் திண்டில் இருக்கிறது. ஆணி இருந்த ஓட்டை வழியாகக் கயிறு கோத்து, சுண்ணக்கட்டியால் அதில் எழுதுகிறோம். இன்றைக்கு எழுதியிருப்பது: வியாழன், நீலக் குப்பைத் தொட்டி.